பிறவாத வாரிசுகள்: டியூடர் அரசுரிமைப் பூசலும் மாற்று வரலாற்றுப் புதினங்களும்

நடந்து முடிந்த வரலாற்றின் ஒரு கண்ணியை மட்டும் மாற்றி, அம்மாற்றத்தின் வழியே தோன்றியிருக்கக்கூடிய உலகினைப் படைத்துக் காட்டும் புதினவகை ஆங்கில இலக்கியத்தில் இருபதாம் நூற்றாண்டில் நன்கு வேரூன்றியது. இதனைத் தமிழில் மாற்று வரலாற்றுப் புதினம் எனக் குறிக்கலாம். வரலாற்றுப் புதினத்தினின்றும் இது வேறுபடும் இடம் வெளிப்படையானது. கல்கியின் பொன்னியின் செல்வன் கல்வெட்டுகளின் மௌனத்தில் புகுந்து கதையை வளர்க்கிறது. அருண்மொழிவர்மனுக்கு முன் உத்தம சோழன் ஆண்டான் என்னும் செய்தியில் அது கைவைப்பதில்லை. மாற்று வரலாற்றுப் புதினமோ சான்று தெளிவாகப் பேசும் இடத்திலேயே அதனை மறுத்துவிட்டுத் தொடங்குகிறது. எந்த இடத்தில் மறுக்கிறது என்பதே அப்புதினத்தின் கருத்துநிலையைக் காட்டிக்கொடுக்கும். அவ்விடத்தைப் பிரிவுப்புள்ளி என இக்கட்டுரை வழங்குகிறது.

இங்கிலாந்தின் டியூடர் காலம் (1485-1603) இவ்வகைப் புனைவுகளுக்கு விருப்பமான களம். ஐந்து தலைமுறைக்கு நீண்ட குலமன்று அது. மூன்றே தலைமுறையில் முடிந்துபோன குலம். ஆண் வாரிசின்மை, மணமுறிவு, சமய மாற்றம், சிறை, தலைவெட்டு என அரசுரிமை ஒவ்வொரு முறையும் ஐயத்திற்கு உள்ளானது. ஆயினும் இக்காலத்தைப் பற்றிப் பெரிதும் பேசப்படும் மாற்று வரலாற்றுப் படைப்புகளின் பிரிவுப்புள்ளிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு வியப்பான குறை தென்படுகிறது. அரசுரிமைப் பூசல் உச்சம் அடைந்த ஆண்டு 1553. அவ்வாண்டு சூலைத் திங்களில் ஏறத்தாழ ஒன்பது நாள்கள் இங்கிலாந்துக்கு இருவர் அரசியாக உரிமை கோரினர். மேற்குறித்த படைப்புகளில் மிகப் பெரும்பாலானவை அவ்வாண்டைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. இக்குறைக்குக் காரணம் யாது என்பதும், அதனால் இப்புதினங்கள் இழந்தது யாது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

எட்வர்டின் வரைவு

எட்டாம் ஹென்றி 1547 சனவரி 28 அன்று இறந்தார். அரசுரிமை மகன் எட்வர்டுக்கும், அவருக்குப்பின் மேரிக்கும், அவருக்கும்பின் எலிசபெத்துக்கும் செல்லவேண்டும் என்பது 1544-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டமும் ஹென்றியின் இறுதி விருப்ப ஆவணமும் வகுத்த வரிசை. இதிலொரு முரண் உண்டு. மேரி, எலிசபெத் இருவரும் முறையான மணத்தில் பிறவாதவர்கள் என முந்தைய சட்டங்கள் அறிவித்திருந்தன. அவ்வறிவிப்புகளை நீக்காமலேயே புதிய சட்டம் அவர்களுக்கு அரசுரிமை தந்தது. பிறப்பால் தகுதியற்றவர்கள், சட்டத்தால் தகுதி உடையவர்கள் என்னும் இந்த இரட்டைநிலையே பின்வந்த பூசல் அனைத்திற்கும் வித்து. எலிசபெத்துக்குப்பின் ஹென்றியின் இளைய தங்கை மேரியின் வழியினர்க்கு உரிமை உண்டு என்றும் அவ்விருப்ப ஆவணம் கூறியது. ஸ்காட்லாந்தில் மணமுடித்த மூத்த தமக்கை மார்கரெட்டின் வழி புறக்கணிக்கப்பட்டது.

ஆறாம் எட்வர்டு 1553-இன் தொடக்கத்தில் நோயுற்றார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. அரசுரிமைக்கான தம் ஏற்பாட்டினைத் தம் கைப்படவே ஒரு தாளில் எழுதினார். இலண்டனில் இன்னர் டெம்பிள் என்னும் சட்டப் பயிலகத்தின் நூலகத்தில் இன்றும் காக்கப்படும் அத்தாள், சுவடிப் பதிப்பில் பழகிய எவரையும் நின்று நோக்கச் செய்யும். முதலில் எழுதிய பாடத்தின்படி மேரிக்கும் இல்லை, எலிசபெத்துக்கும் இல்லை. தங்கை வழிப் பெண்களின் வயிற்றில் பிறக்கப்போகும் ஆண் மக்களுக்கே அரியணை. பிரான்செஸ் கிரேயின் ஆண் மக்கள், அவர் மகள் ஜேன் பெருமாட்டியின் ஆண் மக்கள், ஜேனின் தங்கையரின் ஆண் மக்கள் என வரிசை நீள்கிறது. இவருள் ஒருவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. பெண்கள் அரசுரிமையைக் கடத்தலாம், கொள்ளலாகாது என்பதே அவ்வரைவின் உள்ளக்கிடை. அஃது உயிரோடு இருப்போர் எவரையும் விளிக்காத உயில். பிறவாதவர்களுக்கு எழுதப்பட்ட உயில்.

எட்வர்டின் நோய் முற்றியது. பிறவாத ஆண் மகனுக்காகக் காத்திருக்க நேரமில்லை. வரைவு திருத்தப்பட்டது. ஜேன் பெருமாட்டியினுடைய ஆண் வாரிசுகளுக்கு என்றிருந்த தொடரில் உடைமை குறித்த ஓரெழுத்து அடிக்கப்பட்டு, வரிக்குமேல் இரண்டே சொற்கள் சேர்க்கப்பட்டன. ஜேன் பெருமாட்டிக்கும் அவருடைய ஆண் வாரிசுகளுக்கும் என்று தொடர் மாறிற்று. தமிழ் இலக்கண நோக்கில் கூறுவதாயின் ஆறாம் வேற்றுமை நான்காம் வேற்றுமையாயிற்று. கிழமைப்பொருளில் நின்ற பெயர் கோடற்பொருளுக்கு வந்தது. வாரிசைத் தருபவர் என்னும் நிலையினின்றும் வாரிசே என்னும் நிலைக்கு ஒரு பெண் இவ்வாறு ஒரு வரியிடைத் திருத்தத்தால் வந்துசேர்ந்தார். இத்திருத்தத்தைத் தூண்டியவர் அரசவையின் தலைவராயிருந்த நார்தம்பர்லாந்துப் பிரபு ஜான் டட்லியா, எட்வர்டே தம் உறுதியால் செய்தாரா என்பதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை. டட்லியின் மகன் கில்போர்டுக்கும் ஜேனுக்கும் 1553 மே மாதத்தில் திருமணம் நடந்தது என்னும் செய்தி ஐயத்தை வளர்க்கிறது, ஐயத்தைத் தீர்ப்பதில்லை.

திருத்திய வரைவு சூன் 21 அன்று அரசாணையாக வடிவம் பெற்றது. நூற்றுவர்க்கு மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டனர். நாடாளுமன்றச் சட்டத்தை அரசாணையால் மாற்ற முனைவது அரச துரோகமாகும் எனத் தலைமை நீதிபதி எட்வர்டு மாண்டேகு முதலில் தயங்கிப் பின்னர் இணங்கினார். ஜேம்ஸ் ஹேல்ஸ் என்னும் நீதிபதி இறுதிவரை கையொப்பமிடவில்லை. எட்வர்டு சூலை 6 அன்று இறந்தார். சூலை 10 அன்று ஜேன் அரசியென அறிவிக்கப்பட்டார். மேரியைப் பிடித்துவர டட்லியின் மற்றொரு மகன் இராபர்ட் குதிரைப்படையுடன் அனுப்பப்பட்டார். மேரி அதற்குமுன்னரே கிழக்குப் பகுதிக்குச் சென்றுவிட்டார். அங்கு பிராம்லிங்காம் கோட்டையில் படை திரண்டது. சூலை 19 அன்று இலண்டன் அரசவைக் குழுவே கட்சி மாறி மேரியை அரசியென அறிவித்தது. ஜேன் அரண்மனையாக இருந்த கோபுரத்திலேயே சிறையிருக்க நேர்ந்தது. 1554 பிப்ரவரி 12 அன்று அவர் தலை வெட்டப்பட்டது.

இந்நிகழ்வுகளில் எத்தனை இடங்களில் வரலாறு வேறு பக்கம் திரும்பியிருக்கக்கூடும் என்பதை எண்ணிப்பார்க்கலாம். இராபர்ட் டட்லி சற்று முன்னதாகப் புறப்பட்டிருந்தால் போதும். எட்வர்டு இன்னும் சில திங்கள் வாழ்ந்து நாடாளுமன்றத்தைக் கூட்டி வரைவைச் சட்டமாக்கியிருந்தால் மாண்டேகுவின் தடையே எழுந்திராது. மாற்று வரலாற்றின் இலக்கணத்திற்கு இதனினும் பொருந்திய களம் அரிது.

தடைசெய்யப்பட்ட கற்பனை

நடவாதவற்றைப் பற்றிப் பேசுவதை விருந்தறை விளையாட்டு என ஈ.எச்.கார் 1961-இல் ஒதுக்கினார். அவருக்கு விடை கூறுமுகமாக நியால் பெர்குசன் 1997-இல் தாம் தொகுத்த நூலில் ஒரு வரையறையை முன்வைத்தார். அக்கால மாந்தர் தாமே எண்ணிப்பார்த்து, சான்றுகளில் பதிந்துவைத்த மாற்றுகளையே வரலாற்றாய்வாளர் கருதவேண்டும் என்பது அது. இவ்வரையறை புனைவைக் கட்டுப்படுத்தாது எனலாம், உண்மையே. எனினும் டியூடர் காலத்தைப் பொறுத்தவரை அது வேறொரு செய்தியை உணர்த்துகிறது. மாற்று வரலாறு என்பது இருபதாம் நூற்றாண்டுப் புதினத்தார் கண்டெடுத்த உத்தியன்று. அரசுரிமைப் பூசலில் ஈடுபட்டோரின் அன்றாடத் தொழிலே அதுவாக இருந்தது.

தாமஸ் நார்ட்டனும் தாமஸ் சாக்வில்லும் இயற்றிய கார்போடக் என்னும் நாடகம் 1561-இன் இறுதியில் இன்னர் டெம்பிளில் அரங்கேறி, 1562 சனவரியில் எலிசபெத்தின் முன்னிலையிலும் நடிக்கப்பட்டது. வாரிசு தெளிவுபடாத நாடு எவ்வாறு அழியும் என்பதைப் பழங்கதை ஒன்றின் போர்வையில் அரசிக்கே நடித்துக் காட்டிய துணிவு அது. எட்வர்டின் வரைவு இன்று இருப்பதும் அந்தப் பயிலகத்தின் நூலகத்திலேதான் என்பது தற்செயல்; ஆயினும் பொருந்திய தற்செயல். 1584-இல் ஆரஞ்சு வில்லியம் கொலையுண்டபின், எலிசபெத் கொல்லப்பட்டால் ஆட்சி எவ்வாறு நடக்கவேண்டும் என்பதற்கு அமைச்சர் பர்லி பிரபு வரைவுகளே எழுதினார். அரியணை வெறுமையாய் இருக்கும் இடைக்காலத்தில் பெருங்குழு ஒன்று ஆள, நாடாளுமன்றம் கூடி வாரிசைத் தெரிவுசெய்யும் என்பது அவர் எண்ணம். வரலாற்றறிஞர் பாட்ரிக் காலின்சன் 1987-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதனை முடியாட்சிக்குள் மறைந்திருந்த குடியரசு மனப்பாங்காக விளக்கினார். 1590-களின் நடுவில் டோல்மன் என்னும் புனைபெயரில் வெளிவந்த நூலொன்று அரசுரிமை கோரத்தக்கோர் அனைவரையும் ஆராய்ந்து, ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் மகள் இசபெல்லாவின் உரிமையை வலுவாக எடுத்துரைத்தது. இயேசு சபைத் துறவி இராபர்ட் பெர்சன்ஸ் அதன் ஆசிரியர் எனப் பொதுவாகக் கருதுவர்.

இவ்வாறு எண்ணுவதே குற்றமாகவும் இருந்தது. அரசியின் ஆயுள் எவ்வளவு, அவருக்குப்பின் ஆள்பவர் யார் எனச் சாதகம் கணித்துக் கூறுவதை 1581-ஆம் ஆண்டுச் சட்டம் கடுங்குற்றமாக்கியது. வாரிசைத் தீர்மானிக்குமாறு வற்புறுத்திய நாடாளுமன்ற உறுப்பினர் பீட்டர் வெண்ட்வொர்த் கோபுரச் சிறையிலேயே இறந்தார். பிற்காலப் புதினத்தார் எவ்வித இடரும் இன்றிச் செய்த கற்பனை, அக்காலத்தில் உயிரைப் பணயம் வைத்துச் செய்யவேண்டியதாய் இருந்தது.

நான்கு பிரிவுப்புள்ளிகள்

1931-இல் ஜே.சி.ஸ்குவயர் பதிப்பித்த தொகுதியில் ஜி.கே.செஸ்டர்டன், ஆஸ்திரியாவின் தொன் ஜுவான் ஸ்காட்லாந்து அரசி மேரியை மணந்திருந்தால் என்னும் பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அத்தகைய மணத்திட்டம் 1570-களில் உண்மையாகவே பேசப்பட்டது. கத்தோலிக்கம் தழுவியிருந்த செஸ்டர்டனுக்கு அம்மணம் இழந்த பொற்காலம். அவருக்குப்பின் வந்த புதினத்தார் அதே கூற்றைத் தலைகீழாக்கி, கத்தோலிக்க இங்கிலாந்தை இருண்ட நாடாகக் காட்டினர். மதிப்பீடு மாறியதே தவிர, அரசுரிமையும் சமயமும் ஒன்றே என்னும் எடுகோள் மாறவில்லை.

கீத் ராபர்ட்சின் பவான் (1968) இவ்வரிசையில் உரைநடை அழகால் தலைசிறந்தது. 1588 சூலையில் எலிசபெத் கொலையுறுகிறார். நாடு கலவரத்தில் மூழ்க, ஸ்பானியக் கடற்படை வெல்கிறது. நானூறு ஆண்டளவு கழிந்த இங்கிலாந்தில் திருச்சபையின் தடையால் அறிவியல் தேங்கி நிற்கிறது. சாலையில் நீராவி இழுவை வண்டிகள் ஓடுகின்றன. குன்றுதோறும் நிற்கும் கைகாட்டிக் கோபுரங்கள் செய்தி அனுப்புகின்றன. டார்செட் நிலப்பகுதியின் குளிரும் சுண்ணாம்புக் குன்றும் புகையும் படிப்போரின் உடம்பில் உறைக்கும்படி எழுதப்பட்டுள்ளன. அரசுரிமை பற்றிய பகுதியோ முன்னுரையளவிலேயே முடிந்துவிடுகிறது. ஓர் அரசியின் சாவு, உடனே ஒரு நாகரிகத்தின் தேக்கம். இடையில் பர்லியின் வரைவுகளுக்கு இடமில்லை, கார்போடக்கின் அச்சத்திற்கு இடமில்லை. எலிசபெத்தின் உயிர் புதிய அறிவியலின் உயிராகவே கொள்ளப்படுகிறது. கலிலியோ கத்தோலிக்கர், கோப்பர்நிக்கஸ் கத்தோலிக்கப் பேராலயத்தில் பதவி வகித்தவர் என்னும் எளிய மறுப்புகளை இவ்வெடுகோள் பொருட்படுத்துவதில்லை. நூலின் முடிவுப் பகுதியில் ராபர்ட்ஸ் இதற்கு ஒரு திருப்பம் தருகிறார். திருச்சபை அறிவியலை அறியாமையால் தடுக்கவில்லை. மனித இனம் பக்குவப்படும்வரை காலம் தாழ்த்தியது என்பது அது. நயமான திருப்பமே. ஆயினும் தேக்கத்தின் காரணத்தையே அது மாற்றுகிறது. தேக்கம் என்னும் முடிபினை மாற்றவில்லை.

கிங்ஸ்லி ஏமிசின் தி ஆல்டரேஷன் (1976) இவ்வளவு எளிதில் மதிப்பிடத்தக்கதன்று. எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர், அரகான் நாட்டுக் கேதரினை 1501 நவம்பரில் மணந்து 1502 ஏப்ரலில் இறந்தார். அவர்களுக்கு மகவில்லை. ஏமிசின் உலகில் இருவருக்கும் ஸ்டீபன் என்றொரு மகன் பிறந்து இரண்டாம் ஸ்டீபனாக ஆள்கிறார். சிறிய தந்தை ஹென்றி அரியணையைப் பறிக்க முயன்று தோற்கிறார். மார்ட்டின் லூதர் திருச்சபையைப் பிரிக்காமல் போப்பாண்டவராகிறார். கத்தோலிக்கமாகவே நிற்கும் 1976-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹூபர்ட் ஆன்வில் என்னும் பத்து வயதுப் பாடகச் சிறுவன் வாழ்கிறான். மூன்றாம் ஸ்டீபனின் இறுதி வழிபாட்டில் அவன் பாடக் கேட்டவர்கள், அக்குரல் உடையாமல் காக்க அவனுக்கு விதைநீக்கம் செய்ய முடிவு செய்கின்றனர்.

இப்பிரிவுப்புள்ளி ஏனோதானோ என்று தேர்ந்ததன்று. 1529-இல் இலண்டன் பிளாக்பிரையர்சில் கூடிய திருச்சபை வழக்குமன்றத்தில் நின்ற கேள்வியே ஆர்தருக்கும் கேதரினுக்கும் மணவுறவு நிறைவேறியதா என்பதுதான். நிறைவேறிற்று என்பது ஹென்றியின் வழக்கு. இல்லை என்பது கேதரினின் உறுதிமொழி. இங்கிலாந்து திருச்சபையின் பிரிவு அவ்வழக்கிலிருந்து கிளைத்தது. ஏமிஸ் ஹென்றியின் வாதத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஒரு குழந்தையையும் சான்றாக வைத்து, அதனாலேயே ஹென்றியை அரசுரிமையினின்றும் நீக்கிவிடுகிறார். வழக்கில் வென்றவன் வழக்கினாலேயே தோற்கிறான். இம்முரண்சுவைக்கு ஈடானது இவ்வகைப் புதினங்களில் வேறில்லை.

நூலின் தலைப்பு மாற்றம் எனப் பொருள்படும். உலக வரலாறு மாற்றப்பட்டதையும், சிறுவனின் உடல் மாற்றப்படவிருப்பதையும் அச்சொல் ஒருங்கே குறிக்கிறது. வரலாற்றில் இல்லாத ஒரு மகவைக் கேதரினுக்குத் தந்த புதினம், வரலாற்றில் எவரும் அறியாத ஒரு சிறுவனுக்கு இனி மகவே இல்லை எனத் தீர்ப்பளிக்கிறது. ஓர் அரசகுலத்தின் வாரிசுக்கு ஒரு வணிகன் மகன் விலை தருகிறான். சடங்குகள் நிறைந்த அவ்வுலகில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், குடும்பக் குருவின் கையொப்பம் வேண்டும். கையொப்பமிட மறுக்கும் லயால் அடிகள் கொல்லப்படுகிறார். கையொப்பமிட மறுத்த ஹேல்சை நினைந்து ஏமிஸ் இதனை எழுதினார் எனக் கூறச் சான்றில்லை. எனினும் டியூடர் அரசுரிமையின் உயிர்நாடி தாளில் விழும் கையொப்பம் என்பதை உணர்ந்த எழுத்து இது. தப்பியோடும் ஹூபர்ட், விடுதலையின் வாயிலில் நிற்கையில் விதைப்பையில் முறுக்கு ஏற்பட்டு, உயிர்காக்கும் அறுவையாலேயே அதே முடிவை அடைகிறான். எவ்வழி ஓடினும் வரலாறு ஓரிடத்திற்கே கொண்டுசேர்க்கும் என்னும் அச்சம் இங்கு கதையாகிவிட்டது.

குறையும் உண்டு. வரலாற்று மாந்தரை வேறு வேடத்தில் நுழைத்துச் சிரிப்பூட்டும் ஆசை ஏமிசைப் பல இடங்களில் ஆட்கொள்கிறது. சார்த்தர் ஓர் இயேசு சபைத் துறவியாகக் குறிக்கப்படும் இடம் ஒருமுறை சிரித்தபின் வெறும் வித்தையாகவே தங்குகிறது. சிறுவர்கள் விடுதியில் ஒளித்துப் படிக்கும் கதை நூலொன்று ஸ்டீபன் பிறவாத உலகைக் கற்பனை செய்யும் பகுதி வேறு தரத்தது. தடைசெய்யப்பட்ட கற்பனையாகவே அங்கும் மாற்று வரலாறு வாழ்கிறது. 1581-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் அங்கு விழுந்திருப்பதாகக் கொள்ளலாம்.

ஹாரி டர்ட்டில்டவ் 2002-இல் வெளியிட்ட ரூல்ட் பிரிட்டானியாவில் 1588-இன் ஸ்பானியப் படை வென்று, எலிசபெத் கோபுரத்தில் சிறையிருக்கிறார். இசபெல்லா அரசியாக ஆள்கிறார். டோல்மனின் நூல் பரிந்துரைத்தவரே இங்கு அரியணையில் அமர்த்தப்பட்டிருப்பதால், இவ்வரிசையில் அக்கால ஆவணங்களுக்கு மிக நெருங்கிவரும் பிரிவுப்புள்ளி இதுவே. பர்லி இரகசியமாக ஷேக்ஸ்பியரை அணுகி, உரோமரை எதிர்த்த பூடிக்கா அரசி பற்றிய நாடகம் ஒன்றை எழுதச் சொல்கிறார். ஸ்பானியரோ பிலிப்பைப் புகழும் நாடகத்தைக் கேட்கின்றனர். ஸ்பானிய நாடகாசிரியர் லோப்பே டி வேகா படைவீரராக இலண்டனில் உலவுகிறார். நாடகம் அரங்கேறக் கிளர்ச்சி வெடித்து எலிசபெத் விடுதலை பெறுகிறார். பூடிக்கா நாடகத்தின் வரிகளுக்கு ஜான் பிளெச்சரின் பாண்டுகா என்னும் நாடகத்தை ஆசிரியர் பெரிதும் பயன்படுத்தியுள்ளார். கார்போடக் மரபினை, அதாவது அரங்கு அரசுரிமையில் தலையிடும் மரபினை, இப்புதினம் நன்கு பிடித்துக்கொண்டது. பழைய ஆங்கிலத்தைப் பக்கம்தோறும் போலச்செய்யும் நடை மட்டும் அயர்ச்சி தருகிறது. அதனினும் நோக்கத்தக்கது கதையின் போக்கு. பத்தாண்டு பிறழ்ந்த வரலாறு தன்னைத் தானே செப்பனிட்டுக்கொண்டு மீண்டும் எலிசபெத்திடம் வந்து சேர்கிறது. இசபெல்லா ஆள்பவராக அன்றி, அகற்றப்படவேண்டிய தடையாகவே நிற்கிறார். அவர் குரல் நூலில் ஏறத்தாழ இல்லை.

ஜேன் ஏன் இல்லை

மேற்கண்ட படைப்புகளின் பிரிவுப்புள்ளிகள் இரண்டு வகையுள் அடங்கும். ஒன்று, பிறவாத ஆண் மகன் பிறத்தல். மற்றொன்று, வாழ்ந்த அரசி கொலையுறுதல் அல்லது சிறைப்படுதல். எட்வர்டின் முதல் வரைவும் இவ்விரண்டையும் சேர்த்தே செய்தது என்பது எண்ணத்தக்கது. வாழ்கின்ற தமக்கையரை நீக்கிப் பிறவாத ஆண்களுக்கு அரியணையை எழுதிவைத்தார் அவர். ஆனால் எட்வர்டு அங்கேயே நிற்கவில்லை. நோய் அவரைத் திருத்தத்திற்குத் தள்ளியது. வாழ்கின்ற ஒரு பெண்ணின் பெயர் நான்காம் வேற்றுமைக்கு வந்தது. மாற்று வரலாற்றுப் புதினங்கள் எட்வர்டின் முதல் வரைவோடு நின்றுவிட்டன. திருத்தத்திற்கு அவை வந்துசேரவில்லை.

காரணம் ஜேனின் புகழ்க்குறைவு அன்று. ஜான் பாக்சின் 1563-ஆம் ஆண்டுத் தியாகியர் வரலாறு, நிக்கலஸ் ரோவின் 1715-ஆம் ஆண்டு நாடகம், பால் தெலரோஷ் 1833-இல் தீட்டிய கண் கட்டப்பட்ட பெண்ணின் ஓவியம் என அவர் கலையில் இடைவிடாது வாழ்ந்தவர். அவ்வாழ்வு முழுதும் கொலைமேடையில் நிகழ்ந்தது. அரசியாக அவரைக் கண்டவர் சிலர். பலியாகக் கண்டவர் பலர். பலிக்கு மாற்று வரலாறு தேவைப்படுவதில்லை, கண்ணீரே போதும்.

இதனினும் அழுத்தமான காரணம் சமயத்தைப் பற்றியது. இப்புதினங்கள் அரசுரிமையை இருநிலை விசையாகக் கொள்கின்றன. எலிசபெத் எனில் சீர்திருத்தச் சமயம், அறிவியல், குடியுரிமை. எலிசபெத் இல்லையெனில் கத்தோலிக்கம், விசாரணை மன்றம், தேக்கம். ஜேன் இவ்விசையில் பொருந்தாதவர். சீர்திருத்தச் சமயத்தில் அவர் கொண்டிருந்த பற்று, எலிசபெத்தின் நெகிழ்ந்த போக்கினும் உறுதியானது. 1553-இல் அவர் நிலைத்திருந்தால் சமயம் மாறியிராது. எலிசபெத் மட்டும் இருந்திரார். எலிசபெத் இல்லாத சீர்திருத்த இங்கிலாந்து என்பதை விசை ஏற்காது. எட்வர்டு சீர்திருத்தச் சமயத்தவரான எலிசபெத்தையும் சேர்த்தே நீக்கினார் என்பது, மணவழிப் பிறப்பும் அயல்நாட்டு மண அச்சமும் சமயத்தோடு ஒத்த எடையில் அவ்வாணையில் நின்றமைக்குச் சான்று. இச்சிக்கலைப் புதினத்துக்குள் கொண்டுவந்தால் நீராவி வண்டிகளையோ போப்பாண்டவரின் ஆணைகளையோ காட்டி வேறுபாட்டை ஒரு நொடியில் உணர்த்த இயலாது. ஒரு டட்லி அரசகுலம், பதினாறு வயதுக் கல்விச் செல்வி ஒருத்தி கணவனுக்கு முடிசூட்ட மறுத்து நடத்தும் அரசவை, சட்டமா ஆணையா என்னும் வழக்கு ஆகியவற்றை நுணுகி எழுதவேண்டியிருக்கும். கில்போர்டை மன்னராக்க ஜேன் இணங்கவில்லை, பிரபுப் பட்டமே தருவதாகக் கூறினார் என்பது அவ்வொன்பது நாள்களைப் பற்றி எஞ்சிய செய்திகளுள் ஒன்று. ஆளத் தொடங்கிய ஒருவரின் செயல் அது.

வரலாற்றாய்வு இவ்விடத்தில் புனைவினும் துணிந்து முன்சென்றது. எரிக் ஐவ்ஸ் 2009-இல் வெளியிட்ட ஜேன் கிரே பற்றிய நூலில், எட்வர்டின் ஏற்பாட்டின்படி ஜேனே முறையான அரசி, கிளர்ச்சி செய்து அரியணையைக் கைப்பற்றியவர் மேரி என வாதிட்டார். சான்றுகளில் ஒன்றையும் மாற்றாமல், அவற்றைப் படிக்கும் திசையை மட்டும் மாற்றி அவர் இம்முடிபுக்கு வந்தார். இதனை எல்லா ஆய்வாளரும் ஏற்றனர் எனல் ஆகாது. 1544-ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கையில் ஓர் அரசாணை அதனை வெல்லுமா என்ற மாண்டேகுவின் தயக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது. எனினும் ஜேனைப் பலிமேடையினின்றும் அரியணைக்கு மீட்ட வாசிப்பு அது.

1553-ஐ நேராகக் கையிலெடுத்த புனைவு 2016-இல்தான் பரவலாக அறியப்பட்டது. சிந்தியா ஹேண்ட், பிராடி ஆஷ்டன், ஜோடி மெடோஸ் மூவரும் இணைந்து இளையோர்க்கு எழுதிய மை லேடி ஜேன் அது. எட்வர்டு இறப்பதில்லை, ஜேன் வெட்டுண்பதில்லை, கில்போர்டு பகற்பொழுதில் குதிரையாக மாறிவிடுகிறான். நூலின் நகைச்சுவை கூர்மையானது. கண்ணீருக்கு மட்டுமே உரியவராயிருந்த ஒரு பெண்ணைப் புத்தகப் பித்தும் வாய்த்துடுக்கும் உள்ளவராக எழுப்பியது சிறு செயலன்று. 2024-இல் இது தொலைக்காட்சித் தொடராகி, ஒரு பருவத்தோடு நின்றது. சமயப் பூசலின் இடத்தில் இந்நூல் விலங்குருக் கொள்வோர்க்கும் கொள்ளாதோர்க்கும் இடையிலான பகையை வைக்கிறது. சமயம் நீங்கியதும் ஜேன் விசையினின்றும் விடுபடுகிறார். அவருக்கு வாழ இடம் கிடைக்கிறது. ஆனால் அரியணை அவருக்கு இல்லை. உயிர் பிழைத்த ஜேன் கணவனோடு இல்வாழ்வுக்குச் செல்ல, மூவர் கதையும் முடியும் இடத்தில் முடி எலிசபெத்தின் தலையிலேயே ஏறுகிறது.